மெமரி கார்டில் லினக்ஸ் - கார்டின் ஆயுளா, கோப்பின் பாதுகாப்பா?

1993ஆம் ஆண்டு ரெமி கார்ட் முதலானோர் லினக்ஸுக்காக எக்ஸ்ட்2 கோப்பு முறைமையை உருவாக்கியபோது, அவர்கள் மனதில் இருந்தது சுழலும் ஹார்டு டிஸ்க். அதில் ஒரே இடத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுதலாம்.

ஃப்ளாஷ் நினைவகம் அப்படியல்ல. 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்த இதில், எழுதிய இடத்தில் மறுபடி எழுத, அந்த பிளாக் முழுவதையும் முதலில் அழிக்க வேண்டும். சில ஆயிரம் முதல் ஒரு லட்சம் முறை அழித்தால் பிளாக் தேய்ந்துவிடும்.

இதற்காகவே 1999ல் ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் ஜேஎஃப்எஃப்எஸ் முறையை எழுதியது. 2001ல் டேவிட் உட்ஹவுஸ் அதை ஜேஎஃப்எஃப்எஸ்2 ஆக மாற்றினார். பழைய இடத்தைத் தொடாமல் புதிய இடத்தில் எழுதிக்கொண்டே போவது இதன் வழி. ஆனால் இது நேரடி ஃப்ளாஷ் சில்லுகளுக்கானது. காம்பாக்ட் ஃப்ளாஷ், எஸ்டி கார்டுகளுக்குள் ஒரு கன்ட்ரோலர் உட்கார்ந்துகொண்டு, கார்டை ஹார்டு டிஸ்க் போலவே காட்டும். எனவே அங்கே எக்ஸ்ட் வகைதான் கை கொடுத்தது.

எந்த எக்ஸ்ட்? இங்கேதான் சிக்கல். 2001ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த எக்ஸ்ட்3, மாற்றங்களை முதலில் ஜர்னலில் குறித்துக்கொள்ளும். மின்சாரம் போனாலும் கோப்பு முறைமை குலையாது. ஆனால் எழுதும் வேலை கூடும், கார்டு தேயும். ஜர்னல் இல்லாத எக்ஸ்ட்2 கார்டைக் காக்கும். திடீரென அணைந்தால் கோப்புகள் சிதையலாம்.

பார்ட்டிஷன் பிரித்தது ஒரு நல்ல தீர்வு. 2007ல் வந்த ஆசுஸ் ஈ பிசி 701ல் 4 ஜிபி ஃப்ளாஷ் மட்டுமே. லினக்ஸ் ஒரு எக்ஸ்ட்2 பகுதியில், படிக்க மட்டும். பயனரின் மாற்றங்கள் தனி எக்ஸ்ட்3 பகுதியில். யூனியன்எஃப்எஸ் இரண்டையும் ஒன்றாகக் காட்டியது. மாறாத பகுதிக்கு ஜர்னல் எதற்கு?

ஒரு கோப்பைப் படித்தாலே படித்த நேரத்தைக் கார்டில் எழுதும் வழக்கமும் இருந்தது. அதை நிறுத்தப் பலர் 'நோஏடைம்' அமைப்பைப் பயன்படுத்தினர். 2009ல் கெர்னல் 2.6.30 இந்த எழுத்தைத் தானாகவே குறைத்தது.

2012ல் வந்த ராஸ்பெரி பையும் கார்டை இரண்டாகத்தான் பிரித்தது: துவக்கத்துக்கு ஃபேட், மற்றவைக்கு ஜர்னல் கொண்ட எக்ஸ்ட்4. 2013ல் சாம்சங்கின் எஃப்2எஃப்எஸ், கன்ட்ரோலர் உள்ள கார்டுகளையும் மனதில் கொண்டு கெர்னல் 3.8ல் சேர்ந்தது.

கடைசியில் ஜர்னல் பக்கமே தராசு சாய்ந்தது. தேய்ந்த கார்டுக்குப் பதில் வேறு வாங்கலாம், தொலைந்த கோப்பை எங்கே வாங்குவது?