மாகுல் சேற்றுக்கு வந்த பூநாரைகள்

மும்பையில், செம்பூரின் கிழக்கு ஓரத்தில் உள்ள மாகுல் பழைய கோலி மீனவக் கிராமம். 1950களின் நடுவில் அதன் பக்கத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன; பிறகு உர ஆலையும் வந்தது. பறவை பார்க்க யாரும் தேடிப் போகும் இடமல்ல. ஆனாலும் 1990களில் மாகுல், சிவ்ரி சேற்றுவெளிகளில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கத் தொடங்கின.

வேறெதற்கு, சாப்பாட்டுக்குத்தான். நகரத்துச் சாக்கடை கொண்டுவரும் சத்தில் பாசி கொழிக்கிறது என்கிறார்கள் பறவையியலாளர்கள். மும்பையின் அழுக்குக்கு இப்படியும் ஒரு விருந்தாளி!

உயிருள்ளவற்றின் பண்புகள் என்று பள்ளிப் பாடம் அடுக்குவதையெல்லாம் இந்தச் சேற்றில் நேரிலேயே பார்க்கலாம். ஓதம் வடிந்ததும் கூட்டம் இடம் மாறுகிறது. காலால் சேற்றைக் கிளறி, தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் அமிழ்த்துகிறது; நாக்கு பம்புபோல் நீரை இழுத்துத் தள்ள, அலகின் ஓரச் சல்லடையில் பாசி தங்குகிறது. உடலில் சேரும் அதிக உப்பைத் தலையிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. சாம்பல் நிறக் குஞ்சு சிவப்பேறுவதும் தின்னும் பாசியிலுள்ள நிறமிகளால்தான்.

இனப்பெருக்கம் மட்டும் இங்கே இல்லை. அதற்குக் கட்ச் ரண்ணின் உப்புச் சேறு. அங்கே மண்மேடு குவித்து ஒரே ஒரு முட்டை.

இந்தப் பறவைகள் இறங்கும் தாணே ஓடையின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமானது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. 2024 மே மாதம், காட்கோபருக்கு மேலே தரையிறங்க வந்த விமானத்தில் மோதி 30க்கும் மேற்பட்ட பூநாரைகள் இறந்தன.