ஐந்து குதிப்பு

விருதுநகர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் விடும் சிவகாசி வாணங்களில் ஒரு ரகம் உண்டு. உயரே போய் வெடித்ததும் சிறு குடையொன்று விரிந்து, சுடரைத் தாங்கியபடி ஆடி அசைந்து இறங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டர் ஏ. ஜி. ரங்கராஜை நினைத்துக்கொள்வேன். நம் தமிழ் நாட்டுக்காரர்.

1941-இல் இந்தியப் படையில் பாராசூட் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதித்த முதல் இந்தியர் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் இந்த டாக்டர். சண்டை போடுகிறவன் குதிக்கட்டும், வைத்தியருக்கு இந்த வேலை எதற்கு? காயம்பட்டவன் கிடக்கிற இடத்துக்கு வேறு வழி கிடையாதே!

ராணுவக் கணக்கில் ஐந்து தடவை குதிக்க வேண்டும். அதில் ஒன்று இரவில். அப்புறந்தான் சட்டையில் சிறகுச் சின்னம். அதுவரை கற்றுக்குட்டிதான். ஒரு தடவை போதாதா என்றால், போதாதென்றே எனக்கும் படுகிறது. முதல் தடவை, இன்னது நடக்கும் என்று தெரியாமலே விழுந்துவிடலாம். இரண்டாம் தடவைதான் வாசற்படியில் கால் கனக்கும். தெரிந்து குதிக்க வேண்டுமல்லவா? ஐந்தாவதில் பயம் போய்விடுமா என்ன? கூடவே வரும், ஆனால் கையும் காலும் சொன்னபடி கேட்கும்.

1951 மார்ச் 23. கொரியாவில் முன்சான். அமெரிக்காவின் 187-வது பாராசூட் படையோடு, லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜின் தலைமையிலிருந்த 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவிலிருந்து பன்னிரண்டு பேர் குதித்தார்கள். தரையில் இறங்கியதும் காயம்பட்டவர்களைக் கவனிக்கத் தொடங்கினார்கள். யாருக்கு அது எத்தனையாவது குதிப்பு என்று அங்கே எவரும் விசாரித்திருக்க மாட்டார்கள். கொரியாவில் செய்த சேவைக்காக ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் அளிக்கப்பட்டது.