எழுத்தளவும் பக்க ஓரமும்

1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழில் நூல் அச்சிட விழைந்தார். செருமனியின் ஆல் நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் அவர் கைக்கு எட்டின. ஆயின் அவற்றின் பருமன் மிகுதி. புதிய ஏற்பாடு முழுவதையும் அவ்வெழுத்திலேயே அச்சிடத் தாள் போதவில்லை. ஆகவே சிறிய எழுத்துகள் அங்கேயே வார்க்கப்பட்டன. முற்பகுதி பேரெழுத்திலும் பிற்பகுதி சிற்றெழுத்திலுமாக 1715-இல் நூல் நிறைவுற்றது. ஒரே நூலில் ஈரளவு! அளவை முடிவு செய்தது படிப்பவர் கண்ணன்று; தாளின் அருமையே.

அச்சுநூலின் உள்ளோரம் தையலுக்கு. வெளியோரம் வெட்டுக்கும் பெருவிரலுக்கும். மின்னூலுக்கோ தையலும் இல்லை, தாள் பஞ்சமும் இல்லை. ஈபப் என்னும் மின்னூல் வடிவம் 2007-இல் தரமாக ஏற்கப்பட்டது. கிண்டில் கருவியும் அவ்வாண்டே விற்பனைக்கு வந்தது. இவற்றில் திரையின் அகலத்துக்கேற்ப வரிகள் மடங்கும். எழுத்தைப் பெரிதாக்கும் உரிமையும் படிப்பவருக்கே உண்டு.

அவ்வாறிருந்தும், மின்னூல் அமைப்போர் சிலர் அச்சுப் பக்கத்தின் நினைவிலேயே எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளி, ஓரத்துக்கு ஓர் அங்குலம் எனக் கட்டிவிடுகின்றனர். தமிழுக்கு இது பெருங்கேடு. சொற்கள் ஒட்டி நீளும் மொழி இது. 'ணை', 'னௌ' போன்று அகன்று நிற்கும் எழுத்துகளும் பல. கைப்பேசித் திரையில் ஓரங்கள் இடத்தை விழுங்கினால் வரிக்கு இரண்டு சொற்களே எஞ்சும். கண் மங்கிய முதியவர் எழுத்தைப் பெரிதாக்கினாலோ, ஒற்றைச் சொல்லும் உடைந்து விழும். தலைப்பை உடலெழுத்தின் ஒன்றரை மடங்கென்று குறிக்கலாம். ஓரத்தைத் திரையகலத்தின் சிறு பங்காக வைக்கலாம். உடலெழுத்தின் அளவை மட்டும் அமைப்பவர் தொடாது விடுதல் வேண்டும்.