பாக்கெட்டும் பாட்டிலும்: பீரை ருசிக்கத் தெரியுமா பாஸ்?

கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயப்பாளையம், கோமுகி அணை வழியா வெள்ளிமலைக்கு பைக்ல போயிருக்கீங்களா? தேன், சாமை, கடுக்காய்னு கல்வராயன் மலைக்குப் பெருமைகள் நிறைய. ஆனா நியூஸ்ல அந்தப் பேரு வந்தா, பெரும்பாலும் 'சாராய ஊறல் அழிப்பு'தான். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடிச்சது. அதை மறந்துட்டு இங்கே மதுவோட ருசியைப் பத்திப் பேச முடியாது.

முதல்ல பீர்னா என்னன்னு பார்ப்போம். முளைகட்டின ராகி மாவு லேசா இனிக்கும் இல்லையா? பார்லியையும் அப்படித்தான் ஊறவெச்சு, முளைக்கவிட்டு, காயவைக்கிறாங்க. அதுதான் மால்ட். அதை வெந்நீர்ல ஊறவெச்சு, இனிப்பான சாறை வடிச்சு, ஹாப்ஸ் பூவோட கொதிக்கவெச்சு, ஆறினதும் ஈஸ்ட் சேர்ப்பாங்க. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலையும் நுரைக்கான வாயுவையும் தரும். மலையில வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறல் போடுறதும் இதே நொதித்தல்தான். ஆனா ஊறலைக் காய்ச்சி வடிச்சாதான் சாராயம். பீரை அப்படி வடிக்கிறதில்லை.

ருசிக்க என்ன பண்ணணும்? பாட்டிலோட வாயில வைக்காதீங்க. கிளாஸைச் சாய்ச்சுப் பிடிச்சு ஊத்தி, கடைசியில நிமிர்த்தினா மேல ரெண்டு விரல் நுரை நிக்கும். வாசனை அங்கேதான் இருக்கு. மூக்கை வெச்சுப் பாருங்க: லாகர்னா ரொட்டி வாசம், கோதுமை பீர்னா வாழைப்பழமும் கிராம்பும். (அதுல வாழைப்பழம் போடலை, எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை!) டாஸ்மாக்ல கிடைக்கிறது பெரும்பாலும் லாகர். கோதுமை பீருக்கு புதுச்சேரி, பெங்களூரு மைக்ரோப்ரூவரிகள் ஒரு வழி.

அடுத்து, சின்னதா ஒரு வாய். கசப்பும் துவர்ப்பும் வேற வேறன்னு நம்ம நாக்குக்கு நல்லாவே தெரியும். கடுக்காய் துவர்க்கும், ஹாப்ஸ் சுண்டைக்காய் மாதிரி கசக்கும். அந்தக் கசப்பு முழுங்கினப்புறம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கவனிங்க. 'ஐஸ் மாதிரி கூலிங்' வேணும்னு கேட்கிறதை மட்டும் விட்டுடுங்க. ரொம்பச் சில்லுனு இருந்தா நாக்கு மரத்துடும், மட்டமான பீரும் நல்லாதான் இருக்கும். காரமான சிக்கன் 65-வும் அதே வேலையைத்தான் பண்ணும். வேகவெச்ச மரவள்ளிக்கிழங்கு பெட்டர்.

'பீர்தானே மச்சி'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. 650 மி.லி ஸ்ட்ராங் பீர்ல 8% ஆல்கஹால் இருந்தா, மொத்தம் 52 மி.லி. 42.8% பிராந்தி 60 மி.லி-ல இருக்கிறது கிட்டத்தட்ட 26 மி.லி. அதாவது ஒரு ஸ்ட்ராங் பாட்டில், ரெண்டு லார்ஜுக்குச் சமம். ருசிக்கணும்னா 5% போதும். இன்னொண்ணு, தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விற்கக் கூடாது. இதுவரை குடிச்சதே இல்லைன்னா, இதுக்காக ஆரம்பிக்கவும் வேண்டாம்.

இவ்வளவு பழக்கின நாக்காலயும் ஒண்ணைக் கண்டுபிடிக்க முடியாது: மெத்தனால். நிறம் இல்லை, வாசனையும் ருசியும் கிட்டத்தட்ட சாதாரண ஆல்கஹால் மாதிரியேதான். உடம்புக்குள்ள அது ஃபார்மிக் அமிலமா மாறி, கண் நரம்பைத் தாக்கும். அதுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதனால 'நேத்து குடிச்சேன், ஒண்ணும் ஆகலையே'ன்னு நம்பக் கூடாது. வயித்து வலி, வாந்தி, தலைவலி, பார்வை மங்கல்னா மோர், எலுமிச்சைன்னு வீட்டுல நேரத்தைக் கடத்தாம உடனே 108-க்குப் போன் பண்ணுங்க. மாற்று மருந்தும் டயாலிசிஸும் இருக்கு. சீக்கிரம் போனா உயிரையும் பார்வையையும் காப்பாத்த வாய்ப்பு அதிகம். என்ன குடிச்சார்னு டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. கூட உட்கார்ந்து அதே சரக்கைக் குடிச்சவங்க நல்லா இருந்தாலும் அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.