அதிரும் சல்லடையின் சட்டகம்: துரப்பணச் சேற்றைப் பிரித்த பொருள்களின் வரலாறு

எண்ணெய்க் கிணறுகளின் வரலாற்றை எழுதியவர்கள் துரப்பண முனையையும் கோபுரத்தையும் பீறிட்டெழுந்த எண்ணெயையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கிணற்றின் வாயருகே இரவும் பகலும் அதிர்ந்துகொண்டிருக்கும் சல்லடையைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. பொறியியல் நூல்களிலும் அதன் கதை பெரும்பாலும் அதிர்வின் கதையாகவே சொல்லப்படுகிறது: எந்த இயந்திரம் எத்தகைய அசைவைத் தந்தது, அதன் வேகம் என்ன என்பதே அங்கு வரலாறு. சல்லடை எதனால் செய்யப்பட்டது என்ற கேள்வி பின்னிணைப்புக்குத் தள்ளப்படுகிறது. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் அங்கு நிகழ்ந்த முக்கியமான மாற்றங்களுள் ஒன்று பொருளில் நிகழ்ந்தது. எஃகுச் சட்டகத்தின் இடத்தில், காம்போசிட் எனப்படும் கூட்டுப்பொருள் வந்து அமர்ந்தது. அது ஏன் வந்தது என்பதை அறிய, முதலில் சேற்றின் வரலாற்றை அறிய வேண்டும்.

துளையிடும்போது உடைபடும் பாறைத் துகளை மேலே கொண்டுவர, ஓடும் நீரைப் பயன்படுத்தலாம் என்பதை 1840களில் பிரான்சின் பெர்பிஞான் நகரில் ஃபோவெல் என்ற பொறியாளர் செய்து காட்டினார். உள்ளீடற்ற தண்டின் வழியே நீரைச் செலுத்தினால், அது துகளைச் சுமந்துகொண்டு மேலேறும். வெறும் நீர் போதாது, சேறு வேண்டும் என்ற பாடத்தை உலகறியச் செய்த இடம் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப். அங்கு 1901 ஜனவரி 10 அன்று எண்ணெய் பீறிட்டது. அதற்கு முந்தைய மாதங்களில், துளையிட்ட ஹாமில் சகோதரர்கள் இளகிய மணற்படுகையில் சிக்கித் தவித்தனர். மாடுகளைக் குட்டைக்குள் ஓட்டிக் கலக்கிய சேற்றை உள்ளே செலுத்தியதும் துளையின் சுவர் இடியாமல் நின்றது என்று சொல்லப்படுகிறது. அன்றுமுதல் சேறு துகளைச் சுமப்பதோடு சுவரைத் தாங்கும் வேலையையும் ஏற்றது.

மூன்றாவது வேலை விரைவில் சேர்ந்தது. ஆழத்தில் அடைபட்டிருக்கும் வாயுவின் அழுத்தத்தை அடக்கச் சேற்றின் எடை கூட வேண்டும். 1920களில் லூசியானாவின் எரிவாயு வயல்களில் ஸ்ட்ரவுட் என்பவர் கனமான தாதுக்களைச் சேற்றில் கலந்து பார்த்தார். இறுதியில் நிலைத்தது பேரைட். நீரைப்போல் நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தி கொண்ட இந்தத் தாதுவின் உலகப் பெரும்படிவுகளுள் ஒன்று ஆந்திரப் பிரதேசத்தின் மங்கம்பேட்டையில் இருக்கிறது. பேரைட்டும் பென்டோனைட் களிமண்ணும் வேதிப்பொருள்களும் சேர்ந்தபின் சேறு விலையுயர்ந்த திரவமாயிற்று. இனி அதைக் குட்டையில் விட்டுவிட இயலாது; சுத்தம் செய்து மீண்டும் கிணற்றுக்குள் அனுப்பியாக வேண்டும்.

தொடக்கத்தில் சுத்தம் செய்தது புவியீர்ப்பே. நீண்ட வாய்க்கால்களிலும் பள்ளங்களிலும் சேறு மெதுவாக ஓட, துகள் அடியில் படியும். இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருந்தது. படியாமல் தப்பிய துகள் மீண்டும் பம்புக்குள்ளும் துரப்பண முனைக்குக் கீழும் சென்று அரைபடும். ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் நுண்ணியதாகி, கடைசியில் எந்தக் கருவியாலும் பிரிக்க இயலாத கூழாகிவிடும். சேறு தடிக்கும், பம்பு தேயும், துளையிடும் வேகம் குறையும், குழாய் சிக்கிக்கொள்ளும் அபாயம் கூடும். ஆகவே, பாறைத் துகளை அது முதன்முறை மேலே வரும்போதே, பெரிதாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும் என்பது துரப்பணத் துறையின் முதல் விதியாயிற்று.

அதற்கான கருவி வேறொரு துறையிலிருந்து இரவலாக வந்தது. சுரங்கத் தாதுவைச் சல்லடையால் பிரிப்பது பழைய கலை. 1556இல் வெளியான அக்ரிகோலாவின் உலோகவியல் நூலிலேயே அதன் படங்கள் உண்டு. சுரங்கங்களில் தாதுவைத் தரம்பிரித்த அதிர்வுச் சல்லடைகள் 1930களில் எண்ணெய் வயல்களுக்கு வந்தன. ஷேல் என்னும் களிப்பாறையின் சில்லுகளைப் பிரித்ததால் அவற்றுக்கு ஷேல் ஷேக்கர் என்று பெயர். பின்னாளில் மணலையும் வண்டலையும் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன்களும், மையவிலக்குப் பொறிகளும் அடுத்தடுத்துச் சேர்ந்தன. ஆயினும் வரிசையில் முதலில் நிற்பது ஷேக்கரே. அதன் வலை கிழிந்தால் பின்னால் நிற்கும் கருவிகள் அனைத்தும் திணறும்.

தமிழில் தானியத்தைச் சுத்தம் செய்யும் அசைவுகளுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், சலித்தல் என்பவை ஒன்றல்ல. கை அசையும் விதம் மாறினால் பிரியும் பொருளும் மாறும். ஷேக்கரின் வரலாறும் அப்படித்தான் நகர்ந்தது. முதல் தலைமுறையின் அசைவு சமநிலையற்ற நீள்வட்டம். துகள் பின்னோக்கி உருளாதிருக்கச் சல்லடையைக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டியிருந்தது. அதனால் சேறும் துகளோடு வழிந்து வீணாயிற்று. 1960களில் வட்ட அசைவு வந்தது, சல்லடை கிடைமட்டமாயிற்று. 1980களின் தொடக்கத்தில் நேர்கோட்டு அசைவு வந்தது. எதிரெதிராகச் சுழலும் இரு தண்டுகள் சேர்ந்து துகளை மேட்டை நோக்கியே நகர்த்தின. சேறு கீழே தேங்கி வடிய அவகாசம் கிடைத்தது. முன்பு எண்ணிப்பார்க்க இயலாத நுண்வலைகளைப் பயன்படுத்த முடிந்தது.

வரலாறு பெரும்பாலும் இங்கே, வெற்றிக் கதையாக முடிந்துவிடுகிறது. உண்மையில் இங்கேதான் அடுத்த சிக்கல் பிறந்தது. இயந்திரம் வென்ற இடத்தில் வலை தோற்கத் தொடங்கியது.

கணக்கு எளியது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்கும் ஷேக்கர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,800 முறை அதிர்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 26 லட்சம் முறை. ஒவ்வோர் அதிர்விலும் புவியீர்ப்பைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு முடுக்கம் சல்லடையின்மீது ஏறி இறங்குகிறது. உடைக்கப் போதாத சுமையும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் உலோகத்தை உடைக்கும் என்பதை, 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகளை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியாளர் வோலர் நிறுவினார். இந்த உலோகச் சோர்வை அளக்கும் ஆய்வகச் சோதனைகள் பல, 1 கோடி சுழற்சிகளோடு நிறுத்தப்படுவது வழக்கம். ஷேக்கர் அந்த எண்ணை நான்கே நாளில் கடந்துவிடும். துகளைப் பிரிக்கும் அதே அதிர்வு, பிரிக்கும் கருவியையும் பிரித்துவிடுகிறது. கம்பி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு விரைவில் அறும்.

பழைய சல்லடைகளில் வலையின் இரு ஓரங்களிலும் கொக்கிப் பட்டை இருக்கும். தொழிலாளர்கள் களத்திலேயே போல்ட்டை முறுக்கி வலையை இழுத்துக் கட்டினார்கள். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால், தளர்ந்த இடம் படபடத்து அறுந்தது. நுண்வலைக்கு இது ஒத்துவரவில்லை. ஆகவே, தொழிற்சாலையிலேயே இழுத்துச் சட்டகத்தில் ஒட்டிய வலைகள் பரவின. அந்தச் சட்டகங்கள் எஃகால் ஆனவை. அவை கனத்தன; நழுவும் மேடையில் அவற்றைத் தூக்கி மாற்றுவது முதுகை வாட்டும் வேலை. உப்பு கலந்த சேறு பூச்சு உரிந்த இடத்தில் துருவேற்றியது. வலையை எஃகோடு பிணைத்த எபாக்சிப் பசை விட்டுப்போன இடங்களிலும் வலை அறுந்தது. சட்டகத்துக்கும் இயந்திரப் படுகைக்கும் இடையே சிறு இடைவெளி விழுந்தால், துகள் சல்லடையைத் தொடாமலே கீழே நழுவியது.

இதற்கான விடையும் இரவல்தான். கண்ணாடி இழை 1930களில் அமெரிக்காவில் தொழில்முறைப் பொருளாயிற்று. பாலிபுரோப்பிலீனின் பிறப்பில் எண்ணெய்த் தொழிலுக்கே பங்கு உண்டு: 1951இல் ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஹோகனும் பேங்க்ஸும் அதன் படிக வடிவத்தை உருவாக்கினர், 1954இல் இத்தாலியில் நாட்டா அதைத் தனியே உருவாக்கி ஆராய்ந்தார். கண்ணாடி இழை கலந்த பாலிபுரோப்பிலீன் எடை குறைந்தது, துருவேறாதது, அச்சில் வார்ப்பதற்கு எளியது. ஆனால் விறைப்பில் எஃகுக்கு மிகவும் பின்தங்கியது. எஃகின் மீள்மைக் குணகம் ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல். இதனுடையது அதில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஏழு மடங்கு முடுக்கத்தில் தனிப் பிளாஸ்டிக் சட்டகம் வளைந்து குழையும்.

1990களின் நடுப்பகுதியில், எடின்பரோ நகரின் பழைய கம்பிவலைத் தொழிற்சாலையான யுனைடெட் வயர் காப்புரிமையில் முன்வைத்த வழி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர்த்தது. எஃகுக் கம்பிகளை எலும்புக்கூடாகப் பற்றவைத்து, அதை அச்சுக்குள் வைத்து, சுற்றிலும் பிளாஸ்டிக்கை வார்த்தார்கள். இறுக்கும் விசையை எலும்பு தாங்கும். துருவிலிருந்து எலும்பைத் தசை காக்கும். சட்டகத்தின் குறுக்கு விட்டங்களின்மீது வார்க்கப்பட்ட மெல்லிய விளிம்புகள்மேல் வலையை இழுத்து வைத்துச் சூடேற்றினால், விளிம்பு உருகிக் கம்பிகளை விழுங்கிக்கொள்ளும். தனியே பசை வேண்டியதில்லை. வலை சிறு சிறு கட்டங்களாகப் பிரிந்து நிற்பதால், ஒரு கட்டத்தில் விழும் கிழிசல் அடுத்த கட்டத்துக்குப் பரவாது. கிழிந்த கட்டத்தை ஒரு பிளாஸ்டிக் அடைப்பானால் மூடிவிட்டு எஞ்சிய சல்லடையைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். கூட்டுப்பொருள் வென்றது வலிமையால் அன்று, வேலையைப் பங்கிட்டதால்.

வலை நிலைத்தபின் மற்றொரு கேள்வி எழுந்தது: அது எதைப் பிரிக்கிறது? ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்கள் என்ற மெஷ் எண்ணால் வலைகள் விற்கப்பட்டு வந்தன. இரண்டு மூன்று வலைகளை அடுக்கி ஒட்டத் தொடங்கியதும் அந்த எண் பொருளற்றதாயிற்று. ஒரே எண் தாங்கிய இரு நிறுவனங்களின் வலைகள் வெவ்வேறு அளவில் பிரித்தன. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 13சி பரிந்துரையும், 2005இல் வெளியான ஐஎஸ்ஓ 13501 தரநிலையும், அளவறிந்த அலுமினியம் ஆக்சைடுத் துகளைச் சலித்துப் பார்த்து எண் வழங்கும் முறையைக் கொண்டுவந்தன. ஏபிஐ 200 என்று முத்திரை பெற்ற வலை ஏறக்குறைய 75 மைக்ரான் அளவில் பிரிக்கும். இந்த எண்ணுக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. தரமான பேரைட்டில் 75 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. எனவே வலையின் கண் சரியாக இருந்தால் பாறை மேலே நிற்கும், மங்கம்பேட்டைத் தாது கீழிறங்கிக் கிணற்றுக்குத் திரும்பும். கண் தவறினால் விலைகொடுத்து வாங்கியது குப்பைக்குப் போகும், அல்லது குப்பை கிணற்றுக்குப் போகும்.

குப்பைக்கும் சட்டம் வந்தது. வட கடலில் எண்ணெய் கலந்த சேற்றால் துளையிட்டு, துகளைக் கடலிலேயே கொட்டிவந்த வழக்கத்தை ஓஸ்பார் உடன்படிக்கையின் 2000ஆம் ஆண்டு முடிவு ஏறக்குறைய முடிவுக்குக் கொண்டுவந்தது: துகளில் எண்ணெய் எடையளவில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளும் கடல் துரப்பணத்துக்கு ஒரு கிலோவுக்கு 10 கிராம் என்று அதே வரம்பை வைத்தன. இந்த வரம்பைச் சல்லடை தனியாக எட்டிவிடாது. துகளை உலர்த்தும் கருவிகள் பின்னால் வேண்டும். ஆனால் கிழியாத, ஒழுகாத சல்லடை முதலில் இல்லையேல், பின்னால் வருபவை எதுவும் நடவாது.

இத்தனைக்கும் பிறகு கூட்டுப்பொருளை முற்றும் வென்ற பொருளாக எழுதுவது வரலாறாகாது. பாலிபுரோப்பிலீன் 160 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகி விறைப்பை இழக்கும். கிணறு ஆழமாக ஆழமாகத் திரும்பி வரும் சேறும் சூடாகிறது. இதனினும் பெரிய கேள்வி, தேய்ந்த சல்லடை எங்கே போகிறது என்பது. பழைய எஃகுச் சட்டகத்தை இரும்புக் கடையாவது எடுத்துக்கொண்டது. எஃகும் கண்ணாடி இழையும் பிளாஸ்டிக்கும் துருவேறா எஃகு வலையும் எண்ணெய்ச் சேறும் ஒன்றாக உருகிப் பிணைந்த பொருளை எந்தக் கடை எடுத்துக்கொள்ளும்? பிரியாமல் பிணைந்ததே அதன் வலிமை. பிரிக்க இயலாததே அதன் கழிவுச் சிக்கல். பிரிப்பதற்கென்றே பிறந்த கருவி தான் மட்டும் பிரிய மறுக்கிறது.

தொழில்நுட்ப வரலாற்று மாணவர்கள் இதில் கவனிக்க வேண்டியது இதுவே. ஒரு கருவியின் வரலாற்றை அதன் அசைவைக்கொண்டு மட்டும் எழுதினால், 1980களின் நேர்கோட்டு அசைவோடு கதை முடிந்துவிடும். பொருளைக்கொண்டு எழுதினால், கதையில் தூக்கிச் சுமந்த தொழிலாளியின் முதுகும், மங்கம்பேட்டையின் தாதுவும், வட கடலின் அடித்தளமும், பயன்பட்டு முடிந்து முற்றத்தில் அடுக்கிக் கிடக்கும் சட்டகங்களும் இடம்பெறும். அடுத்த தலைமுறைச் சல்லடையை வடிவமைப்பவர்கள் அது எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பதோடு, உழைத்து முடிந்தபின் அதை எப்படிப் பிரிப்பது என்றும் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்விக்கு இந்தத் துறை இனிதான் முழு விடை காண வேண்டும்.