தாங்காக் கடற்கரையில் ஒரு தமிழ்ச் சிப்பாய்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தர வேண்டுமென்று செயற்குழு அன்பர்கள் பணித்தனர். சோழர் கடற்படையைப் பற்றியும் பல்லவர் குடைவரைகளைப் பற்றியும் எழுதுதற்கு அறிஞர் பலர் உளர். நாமோ பத்தாம் வகுப்பளவில் படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். ஆகவே எமக்கு எட்டிய வரலாற்றையே எழுதத் துணிந்தோம். எட்டியது என்பது எமது வீட்டுத் தகரப் பெட்டி வரைதான்.

அப்பெட்டியில் வீட்டுப் பத்திரங்களுக்கும் பழைய சம்பளச் சீட்டுகளுக்கும் அடியில் வெண்கல நட்சத்திரம் ஒன்று கிடந்தது. குறுக்காக இரண்டு வாள்கள், மேலே முடி, நடுவே 1914-15 என்ற ஆண்டு. எமது பூட்டனார், அஃதாவது தந்தையாரின் பாட்டனார், முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்தார் என்பதை மட்டும் யாம் சிறு வயது முதல் அறிவோம். எந்தப் பட்டாளம், எந்த நாடு என்று வீட்டில் எவரும் சொன்னதில்லை. நட்சத்திரத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான், பின்புறத்தில் அவருடைய எண்ணும் பெயரும் பட்டாளமும் ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டோம். 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரி என்பது அப்பட்டாளம்.

வெள்ளிப் பதக்கம் ஒன்றும் உடனிருந்ததாம். ஒரு பஞ்ச காலத்தில் அது தட்டானிடம் போயிற்று. வெண்கலத்திற்கு விலையில்லாமையால் நட்சத்திரம் தப்பியது. அது தப்பியதால் இக்கட்டுரையும் பிறந்தது.

வரலாற்றுக்குப் போகுமுன் வீட்டுச் செய்தி ஒன்றைக் கூறிவிட வேண்டும். எமது ஆயா, தந்தையாரைப் பெற்ற அன்னையார், மருமகளாக லாலாகுடா குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது பூட்டனார் உயிரோடு இருந்தார். ஆயா சொல்வது இது: "மாமா தேனை வாயில வைக்க மாட்டாரு. மருந்துக்குக் குழைச்சுக் கொடுத்தாலும் தள்ளிடுவாரு. ஒரு தடவை வேப்ப மரத்துல இருந்த தேன்கூட்டைப் புகை போட்டு எடுக்க ஆள் வந்தாங்க. மாமா எங்க எல்லாரையும் உள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டு, கதவுல முதுகைக் கொடுத்து நின்னாரு. உடம்பெல்லாம் நடுங்குது." பட்டாளத்துக்காரர் ஈக்கு அஞ்சுகிறாரே என்று அக்கம்பக்கத்தார் நகைத்தனராம். அவர் மறுமொழி ஏதும் கூறவில்லை.

நட்சத்திரத்தின் பின்புறத்தைப் படித்த பின்னரே இதற்குப் பொருள் விளங்கிற்று.

பாளையங்கோட்டைப் பட்டாளம் பழமையானது. 1759இல், கர்நாடகப் போர்கள் நடந்த காலத்தில், கும்பினியாரின் கடற்கரைச் சிப்பாய்ப் படையாகத் தொடங்கியது. பின்னர் 3ஆம் சென்னைப் பட்டாளம் என்று பெயர் பெற்றது. 1903இல் படைகளுக்குப் புது எண் இட்டபோது 63ஆம் பட்டாளம் ஆயிற்று. தமிழர், சென்னை முஸ்லிம்கள், கிறிஸ்தவர், தாழ்த்தப்பட்டோர் எனப் பலரும் அதில் இருந்தனர். வட ஆற்காட்டுச் சிற்றூரில் பிறந்த எமது பூட்டனாரும், மழை பொய்த்த ஓராண்டில், மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்திற்கு அதில் சேர்ந்தார். வீரத்தை நாடிப் போனார் என்று எழுத ஆசைதான். அரிசியை நாடிப் போனார் என்பதே உண்மை.

பெயர் பழமையானதேயன்றி, அப்பட்டாளம் போர்க்களத்தைக் கண்டு நெடுநாள் ஆகியிருந்தது. அதற்கும் காரணம் உண்டு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராயிருந்து, பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைவரான ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் போருக்கு ஆகாதவர் என்று முடிவு கட்டினார். வடமேற்கிலுள்ள சில இனத்தாரே மறக்குடிகள் என்ற கொள்கை படையில் வேரூன்றியது. சென்னைப் பட்டாளங்கள் குறைக்கப்பட்டன. எஞ்சியவற்றுக்குக் காவல் வேலையும் அணிவகுப்பும் வாய்த்தன. ஆளைப் பயிற்றாமல் வைத்துவிட்டு, பயிற்சி இல்லையே என்று பின்னர்க் குறை கூறுவதை அலுவலகங்களில் நாமும் கண்டிருக்கிறோம்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. அக்காலத்தில் செர்மனியின் வசம் இருந்த கிழக்கு ஆப்பிரிக்காவை, அஃதாவது இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதியை, கைப்பற்ற இந்தியாவிலிருந்து ஒரு படை அனுப்பப்பட்டது. அதன் முக்கியப் பகுதி பெங்களூர்ப் பிரிகேடு. அந்தப் பிரிகேடு நம் செகந்தராபாத்தின் பெயரைத் தாங்கிய 9ஆம் டிவிஷனைச் சேர்ந்தது. 63ஆம் பட்டாளத்தோடு சென்ற 98ஆம் பட்டாளமோ, முன்பு ஐதராபாத் கண்டின்ஜென்ட் எனப்பட்ட படையின் வழிவந்தது. அப்படையின் தலைமையிடம் பொல்லாரம். ஆகவே இது தொலைதூரத்துக் கதை என்று நம் காலனி அன்பர்கள் எண்ண வேண்டாம்.

ஏறத்தாழ 8000 பேர் கப்பலேறினர். பல நாட்கள் பம்பாய்த் துறைமுகத்திலேயே கப்பலில் அடைபட்டுக் கிடந்து, அக்டோபர் 16ஆம் நாள் புறப்பட்டனர். சில பட்டாளத்தாருக்குப் புதுவகைத் துப்பாக்கிகள் புறப்படும் தறுவாயிலேயே கைக்கு வந்தன. நெரிசலிலும் வெக்கையிலும் கடல் வாந்தியிலும் பாதி உயிராய் அவர்கள் அக்கரை சேர்ந்தனர். ஏரியன்றி வேறு நீர்ப்பரப்பைக் கண்டிராத உழவர் மக்கள் பெரும்பாலோர். சற்று இளைப்பாற்றி, நிலத்தில் காலூன்றிய பின் போருக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் தளபதி எய்ட்கனுக்குத் தோன்றவில்லை.

தாங்கா என்பது கடலோரத்துச் சிறு நகர். நவம்பர் 2ஆம் நாள் காலை ஃபாக்ஸ் என்னும் போர்க்கப்பல் துறைமுகத்துள் நுழைந்து, சரணடைய வேண்டுமென்று செர்மானியருக்கு அறிவித்து, கால அவகாசமும் கொடுத்தது. திருடன் மணியடித்து வீடு புகுந்தது போலாயிற்று. படை கரையிறங்கி முடிவதற்குள் செர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் உள்நாட்டிலிருந்து தம் வீரரைக் கொணர்ந்துவிட்டார். எதைக் கொண்டு? இரயிலைக் கொண்டு!

இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். எமது தொழில் அப்படி. தாங்காவிலிருந்து கிளிமஞ்சாரோ மலையடியிலுள்ள மோஷி வரை சுமார் 350 கிலோமீட்டருக்கு ஒரு பாதை இருந்தது. 1893இல் தொடங்கிய வேலை 1911-12இல்தான் மோஷியை எட்டியது. நம் செகந்தராபாத்திலிருந்து மன்மாடு வரை ஓடிய பாதையைப் போல அதுவும் மீட்டர் பாதை. அந்த ஒற்றைத் தடத்தில், கிடைத்த எஞ்சின்களை வைத்துக்கொண்டு, வண்டி வண்டியாக ஆட்களை இறக்கினர். ஆங்கிலேயர் கப்பலிலிருந்து படகுக்கும் படகிலிருந்து கரைக்கும் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், செர்மானியர் நிலையத்தில் இறங்கி நேரே காவலிடங்களுக்குப் போயினர். லெட்டோ-ஃபோர்பெக் தாமும் வந்திறங்கி, இரவில் மிதிவண்டியேறி ஊரைச் சுற்றிப் பார்த்தாராம். நகருக்குக் கிழக்கே அவர்கள் தடுப்பாகக் கொண்டதும் இரயில் பாதைக்காக வெட்டிய பள்ளமே. இத்தனைக்கும் அவர் பக்கம் இருந்தவர் ஆயிரத்துக்குச் சற்றே கூடுதல். அவருள்ளும் பெரும்பாலார் அஸ்காரி எனப்படும் ஆப்பிரிக்க வீரர்.

3ஆம் நாள் காலை முதலில் மோதியவர் 13ஆம் ராஜபுத்திரரும் 61ஆம் பயனியர்களும். அவர்கள் விரட்டப்பட்டனர். ராஜபுத்திரர், ராபர்ட்ஸ் பிரபுவின் பட்டியலில் மறக்குடியினர் என்பதை நினைவிற் கொள்க.

4ஆம் நாள் நண்பகலில், உச்சி வெயிலில், படை முழுவதும் முன்னேறியது. வழியெங்கும் ரப்பர்த் தோட்டமும் ஆளுயரப் புதருமாக இருந்தது. பக்கத்துப் பட்டாளம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. குப்பிகளில் தண்ணீர் தீர்ந்தது. நடுப்பகுதியில் சென்ற 63ஆம் பட்டாளத்தின் மீது இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டன. சுடுபவரைக் காணவில்லை, மரக்கிளைகளும் மனிதர்களும் விழுவதை மட்டுமே கண்டனர். அவ்வூர் மக்கள் மரக்கட்டைகளைக் குடைந்து தேன்கூடுகளாக மரங்களில் தொங்கவிட்டிருந்தனர். அவற்றையும் தோட்டாக்கள் துளைத்தன. தேனீக்கள் கலைந்து, மேகம் போல் இறங்கி, கண்ணிலும் காதிலும் கொட்டின. 98ஆம் பட்டாளத்தார் பெரிதும் அவதியுற்றனர் என்று நூல்கள் கூறுகின்றன.

63ஆம் பட்டாளம் உடைந்தது. கடற்கரையை நோக்கி ஓடியது. எமது பூட்டனாரும் அவர்களுள் ஒருவர்.

இதனை மறைப்பதற்காக நாம் எழுதத் தொடங்கவில்லை. ஓடினர் என்பது உண்மை. ஆயினும் அன்று நடந்தவை அனைத்தையும் சொல்ல வேண்டும். வலப்புறத்தில் காஷ்மீர் வீரரும் ஆங்கிலப் பட்டாளத்தாரும் நகருக்குள்ளேயே புகுந்துவிட்டனர். தெருத்தெருவாகப் போர் நடந்தது. இடப்புறத்தில் 101ஆம் கிரனேடியர்கள் ஏராளமானோரைப் பலிகொடுத்து நின்றனர். அந்திப்பொழுதில் எல்லோருமே பின்வாங்கினர். அடுத்த நாள், 5ஆம் தேதி, படை மீண்டும் கப்பலேறியது. மாண்டவர், காயமுற்றவர், காணாமற்போனவர் என 800க்கு மேற்பட்டோரை இழந்து, தளவாடங்களையும் கரையிலேயே போட்டுவிட்டுச் சென்றது. 16 இயந்திரத் துப்பாக்கிகளும் ஆறு லட்சம் தோட்டாக்களும் தமக்குக் கிடைத்தன என்று லெட்டோ-ஃபோர்பெக் தம் நூலில் மகிழ்ந்து எழுதியுள்ளார். தேனீக்கள் தம் பக்கத்து இயந்திரத் துப்பாக்கிக்காரரையும் விட்டுவைக்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆங்கிலப் பத்திரிகைகளில் சிலவோ, செர்மானியர் சூழ்ச்சியால் தேனீக்களை ஏவினர் என்று எழுதின!

தோல்விச் செய்தி பல மாதங்கள் மக்களுக்குச் சொல்லப்படவில்லை. எய்ட்கன் பதவி இறக்கப்பட்டார். கிச்சனர் பிரபு அவரைக் காணவும் மறுத்தார். அதோடு மேலிடத்துக் கணக்கு முடிந்தது. சிப்பாய்களின் கணக்கு அவ்வாறு முடியவில்லை. சென்னைப் பட்டாளம் ஓடிற்று என்ற சொல் நிலைத்தது. வேவு பாராமல் இறக்கியவர் யார், முன்னறிவிப்புக் கொடுத்தவர் யார், களைத்தவரைக் களத்தில் தள்ளியவர் யார் என்ற கேள்விகள் நூல்களில் உள்ளன. ஓடினான் என்ற ஒரு சொல்லே வீடு வரை வந்து சேர்ந்தது. போருக்குப் பின், 1920களில், சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. செலவுச் சுருக்கம் என்றனர். தென்னாட்டார் ஆகாதவர் என்ற பழைய கொள்கையும் கூடவே பேசிற்று. 1933இல் சென்னைப் பயனியர்களும் கலைக்கப்பட்டனர். அடுத்த உலகப் போரில் ஆட்கள் போதாதபோது மீண்டும் நம்மவரை அழைக்க வேண்டி வந்தது. 1944 பிப்ரவரி 24இல், இத்தாலியில் மிக்னானோ அருகே, கண்ணிவெடியின் மீது தம் உடலைக் கிடத்தித் தோழரைக் காத்து உயிர்நீத்த சென்னைச் சாப்பர் படைச் சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கினர். அவர் காஞ்சிபுரத்துப் பக்கத்துக்காரர்.

தாங்காவை விட்ட படை வடக்கே மொம்பாசாவுக்குச் சென்றது. அதன்பின் நெடுங்காலம் அங்கிருந்த இந்தியப் படைகளுக்கு வாய்த்த பெரும்பணி, உகாண்டா இரயில் பாதையைக் காப்பது. செர்மானியர் சிறு சிறு கூட்டமாய் வந்து தண்டவாளத்திற்கு வெடி வைத்தனர். இரவில் பாதையோரம் விழித்திருப்பதும், விடிந்ததும் இணைப்பு இணைப்பாகப் பார்த்து நடப்பதும், கொசுக்காய்ச்சலில் விழுவதும் எழுவதுமாக நாட்கள் சென்றன. இந்தியாவிலிருந்து சென்ற இரயில்வே கம்பெனியார் வோய் என்னுமிடத்திலிருந்து புதுப்பாதை போட்டு, 1916இல் அதனை மோஷிப் பக்கத்துச் செர்மானியப் பாதையோடு இணைத்தனர். தாங்காவில் நம்மவரைத் தோற்கடித்த அதே தடத்தில் பின்னர் நம் தொழிலாளர் ஓட்டிய வண்டிகள் ஓடின.

பூட்டனார் ஊர் திரும்பியபோது வேலை ஏதும் இல்லை. பெங்களூரில் பழகிய ஒருவர் கடிதம் எழுத, செகந்தராபாத் வந்து நிஜாம் இரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்தார். தண்டவாளத்தைப் பார்த்து நடக்கும் வேலை அவருக்குப் புதிதன்று. அவருக்குப் பின் பாட்டனார் லாலாகுடா பட்டறையில் பிட்டராகவும், தந்தையார் போர்ட்டராகத் தொடங்கிப் பாயின்ட்ஸ்மேனாகவும் உழைத்தனர். நாம் நாற்காலியில் அமர்ந்து எழுதுகிறோம். எமது குடும்பம் தெலுங்கு நாட்டிற்கு வந்த காரணத்தை யாரேனும் கேட்டால், பிழைக்க வந்தோம் என்று சொல்லி வந்தோம். தாங்கா என்ற ஊரும் அதில் ஒரு நிலையம் என்பதை இப்போதுதான் அறிந்தோம்.

செர்மானியரோடு சண்டை போட்டீரா என்று ஒரு முறை எமது பாட்டனார் சிறுவராயிருந்தபோது கேட்டாராம். "செர்மானியனை நான் பார்க்கவே இல்லையடா" என்றாராம் பூட்டனார். பொய்யுரைத்து மழுப்புகிறார் என்றே வீட்டார் கருதினர். அந்தப் புதருக்குள் நின்றவர் அனைவரும் சொல்லக்கூடிய விடை அதுவே என்பது நூல்களைப் படித்த பின் எமக்குப் புரிந்தது. ஆயாவிடம் தேனீக் கதையைப் படித்துச் சொன்னோம். தொண்ணூறைக் கடந்த அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "அன்னிக்கு நானும் சிரிச்சேன்டா" என்றார்.

வெண்கல நட்சத்திரம் ஆண்டு விழாவன்று சங்க மண்டபத்தில், நூலக மேசையின் மீது வைக்கப்படும். நம் காலனியில் பட்டாளத்து வழிவந்த குடும்பங்கள் இன்னும் பல உண்டு. அவர்தம் வீட்டிலும் இத்தகைய பதக்கம் இருப்பின் அதன் பின்புறத்தையோ விளிம்பையோ நல்ல வெளிச்சத்தில் படித்து, எண்ணையும் பட்டாளத்தின் பெயரையும் குறித்து எம்மிடம் தருமாறு வேண்டுகிறோம். புளி போட்டுத் துலக்க வேண்டாம், எழுத்துத் தேய்ந்துவிடும்.