சுவரும் மேசையும்

ஆன் ஃபிராங்குக்குப் பதின்மூன்று வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1942 ஜூலை 6 அன்று, ஆம்ஸ்டர்டாமில் அப்பாவின் நிறுவனம் இயங்கிய கட்டடத்தின் பின்பகுதியில் குடும்பத்தோடு ஒளிந்துகொண்டாள். அவளுக்கும் அக்கா மார்காட்டுக்கும் ஒடுக்கமான ஓர் அறை. மகள் சேர்த்துவைத்திருந்த அஞ்சலட்டைகளையும் திரை நட்சத்திரங்களின் படங்களையும் அப்பா ஓட்டோ முன்கூட்டியே அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். பசையும் தூரிகையும் எடுத்து, வெறுமையாகக் கிடந்த சுவரில் அவற்றை ஒட்டினாள்.

இதைப் பலர் குழந்தைத்தனம் என்று புன்னகைத்துக் கடந்துவிடுகிறார்கள். அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே ஆட்சிப்பரப்பு அதுதான் என்றே நான் நினைக்கிறேன். பகலில் திரையை விலக்கக் கூடாது, கீழே ஆட்கள் வேலை செய்யும் நேரத்தில் தண்ணீர்க் குழாயைத் திறக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. சுவரில் எந்தப் படம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவளே முடிவு செய்தாள்.

வசதியுள்ள வீடுகளில் பெண்பிள்ளை வளர்ந்தால் பொம்மைகளை அகற்றி அறையைப் புதிதாக அமைத்துத் தருவார்கள். இங்கே அகற்றவும் இடமில்லை, வாங்கவும் வழியில்லை. அதனால் படத்தின் மேலேயே படம் ஏறியது. கிரேட்டா கார்போவும் ஜிஞ்சர் ராஜர்ஸும் இளவரசி எலிசபெத்தும் இருந்த சுவருக்கு லியொனார்டோ டாவின்சியும் மைக்கலாஞ்சலோவின் சிற்பமும் வந்து சேர்ந்தன. சில நட்சத்திரங்கள் அவற்றுக்கு அடியில் மறைந்துபோனார்கள். அவளும் வளர்ந்துகொண்டிருந்தாள். படுத்த திவானின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான். கால் நீட்ட நாற்காலிகளைச் சேர்த்துப் போட வேண்டியிருந்தது. பெற்றோரின் அறைச் சுவரில் இரு மகள்களின் உயரத்தையும் பென்சிலால் குறித்துவந்தார்கள். அந்தக் கோடுகள் இன்றும் இருக்கின்றன.

1942 நவம்பரில் ஃபிரிட்ஸ் பெஃபர் என்ற பல் மருத்துவர் எட்டாவது ஆளாக வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். மார்காட் பெற்றோரின் அறைக்கு மாறினாள். வளரும் பெண் ஓர் அந்நிய ஆணோடு அறையைப் பகிர வேண்டியதாயிற்று. படங்களால் பெரிய சச்சரவு எதுவும் எழவில்லை. அறையில் இருந்த ஒரே சிறு மேசையால்தான் எழுந்தது. 1943 ஜூலையில் அவள் கேட்டது வாரத்துக்கு இரண்டு நாள், மாலை 4 முதல் 5.30 வரை. அவர் மறுத்தார். தன்னுடையது படிப்பு, அவள் செய்வது வேலையே அல்ல என்பது அவர் எண்ணம். வர்ஜீனியா வுல்ஃப் எழுதும் பெண்ணுக்குத் தனியறை வேண்டும் என்று வாதாடிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இவள் கேட்டதோ மூன்று மணி நேரம்! கடைசியில் அப்பா தலையிட்ட பிறகே அந்த இரு பிற்பகல்கள் கிடைத்தன.

பெஃபரைக் கொடியவராக்க வேண்டியதில்லை. மகனை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, மணக்கவிருந்த பெண்ணை அதே நகரத்தில் விட்டுவிட்டு வந்தவர் அவர். ஆனால் 'மடையன்' என்று பொருள்படும் புனைபெயரில் உலகம் அவரை அறிந்துகொண்டது, மேசை மறுக்கப்பட்ட சிறுமியின் எழுத்து வழியாக. 1944 மே மாதம் அவள் நாட்குறிப்பை நூலாக்கும் எண்ணத்தோடு திருத்தி எழுதத் தொடங்கி, ஆகஸ்டுக்குள் இருநூறுக்கு மேற்பட்ட தனித்தாள்களை நிரப்பியிருந்தாள்.

ஆகஸ்ட் 4 அன்று எல்லோரும் கைதானார்கள். பெஃபர் அந்த டிசம்பரில் நொயன்காம முகாமில் இறந்தார். ஆனும் மார்காட்டும் 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சனில் இறந்தார்கள். வீட்டிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களை நாஜிகள் அள்ளிச் சென்றார்கள். 1960இல் அருங்காட்சியகம் திறந்தபோது, அறைகள் காலியாகவே இருக்கட்டும் என்றார் ஓட்டோ. அவள் ஒட்டிய படங்கள் இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன.